இஞ்சின் ஆறும்வரை

பத்திநாதன் அண்ணனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து வந்திருந்த ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: "பெத்த புள்ள இந்தியாவுக்குக் கெளம்பிப் போவுது, இஞ்சின் ஆறட்டும்னு காருக்குள்ளயே குந்திக்கிட்டு இருந்தாரே, அந்த மனுசன்தானே இது?" பக்கத்தில் நடந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். பாதர் பக்கத்தில் வந்துகொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அது எண்பத்தெட்டாம் வருடம். இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஓயாதுதான். ஊர் வாய்க்கு மூடி ஏது?

ஆனால் அன்றைக்கு அந்தக் காருக்குள் அவர் பக்கத்து சீட்டில் இருந்தவள் நான். வேறு எவரும் இல்லை. ஆகவே பேசுவதானால் நான்தான் பேச வேண்டும்.

என் பெயர் சிசிலி. லிந்துலையிலிருந்து ரதல்ல பக்கம் ஏறும் பாதையில் இருந்த ஒரு பங்களாவின் குசினியில் சமையல் வேலை பார்த்தேன். பங்களாவின் சொந்தக்காரர் றொட்னி மாத்தையா. மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா. கொழும்பில் தேயிலை வியாபாரம். ஓய்வு கிடைத்தால் மலைக்கு வருவார். சித்திரை மாதம் நுவரெலியாவில் கார்ப் பந்தயம் நடக்கும்போது ஊருக்கே தெரிகிற மாதிரி வருவார். மற்ற நாட்களில் அந்தப் பெரிய வீட்டில் நானும், தோட்டக்காரரும், கராஜை ஒட்டிய அறையில் டிரைவர் பத்திநாதன் அண்ணனும் அவர் மகள் பெற்றீசியா என்கிற பெற்றியும்தான்.

அண்ணன் அதற்கு முன்னால் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். எழுபத்துநாலாம் வருடத்துப் பஞ்சத்தில் அவர் மனைவி அந்தோனியம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று சொன்னார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாதவளைக் காய்ச்சல் வேறு வந்து கொல்ல வேண்டுமா என்ன? அப்போது பெற்றிக்குப் பத்து வயது. அதன் பிறகு வேறு கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் வராது. வாயைப் பிடுங்கினாலும் பேசாத மனிதர் அவர். சோறு வேண்டுமா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். ஆமாம் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். "மாதா சொரூபத்துக்கிட்ட பேசினாலும் ஒரு நாளைக்கிப் பதில் வரும், உங்கப்பாகிட்ட வராதுடி" என்று பெற்றியிடம் சொல்வேன். அவள் சிரிப்பாள்.

எண்பத்தொன்றில் மாத்தையாவின் அந்தக் கார் வந்தது. ஜப்பான் கார், சிவப்பு நிறம், தரையோடு தரையாகக் குந்தியிருக்கும். இஞ்சினுக்குள் டர்போ என்று ஒன்று. எனக்கு எல்லாம் அண்ணன் வாயிலிருந்துதான் தெரியும். அந்த டர்போவைப் பற்றி மட்டும் அவர் கேட்காமலே பேசுவார். சைலன்சருக்குப் போகிற புகை, வழியில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவிடுமாம். அந்தச் சுழற்சியில் இன்னொரு காற்றாடி இஞ்சினுக்குள் காற்றை அள்ளித் திணிக்குமாம். ஏற்றத்தில் மிதித்தால் அது நெருப்புத் துண்டு மாதிரி சிவந்துபோகும். அதற்கு நடுவில் ஓயாமல் ஓடுகிற ஒயில்தான் அதைக் காப்பாற்றுகிறது. இஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் ஒயில் ஓட்டமும் நின்றுவிடும். உள்ளே அகப்பட்ட ஒயில் அந்தச் சூட்டில் கருகிப் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு மறந்துபோனவளுக்கு இதைப் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் அண்ணனுக்கு முதலில் தெரியாது. மாத்தையாவும் சொல்லவில்லை.

எழுபதுகளில் இந்த மலைப் பக்கம் லொறி, பஸ் ஓட்டிய எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பெற்றோல், டீசல் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஏற்றத்தில் உறுமிக்கொண்டு ஏறுவார்கள். உச்சிக்கு வந்ததும் இஞ்சினை நிறுத்திவிடுவார்கள். பிறகு இறக்கம் முழுக்கச் சும்மா உருட்டிக்கொண்டே வருவார்கள். யார் அதிக தூரம் இஞ்சின் இல்லாமல் வந்தார் என்பதுதான் அன்றைக்கு டிரைவர்மாருக்குள் பெருமை. கொழுந்து மூட்டையோடு சத்தமில்லாமல் வந்து பெக்டரி வாசலில் நிற்கிற அண்ணனைப் பார்த்து தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவே முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார். கை அப்படிப் பழகிப்போயிற்று. உச்சி வந்தால் கை தானாகச் சாவிக்குப் போகும்.

கார் வந்த முதல் மாதம், மாத்தையாவின் பந்தயத்துக்குக் கார் பழகட்டும் என்று அண்ணன் ரதல்ல ஏற்றத்தில் அதை விரட்டிக்கொண்டு போனார். உச்சியில் இஞ்சினை நிறுத்தினார். இறக்கத்தில் உருட்டினார். பிரேக் கல்லு மாதிரி இறுகிப்போய் ஒரு வளைவில் காலை ஊன்றி மிதித்து நிறுத்த வேண்டியிருந்ததாம். அதையும் புதுக் காரின் குணம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் இல்லை, போன நாளெல்லாம் இதே கதை. மாதம் முடிவதற்குள் சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது. பொனட்டுக்குள் நாய்க்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து கழற்றினார். உள்ளே அடுப்புக்கரி மாதிரி அப்பிக் கிடந்தது. காற்றாடி அசையவே இல்லை.

வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம். பெற்றி பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள். ஆனால் றொட்னி மாத்தையா நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். "சொல்லாதது என் பிழை" என்று சிங்களத்தில் சொன்னார். விறைத்த காலையில் இஞ்சின் சூடேறுமுன் மிதிக்கக் கூடாது. சூடு காட்டும் முள்ளில் ஒரு கண் இருக்க வேண்டும். ஒயிலைக் கறுக்கவிடாமல் மாற்ற வேண்டும். ஏற்றத்தில் ஓட்டிவந்தால், நிறுத்துவதற்கு முன் ஒரு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். இவ்வளவும் மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனிடம் கைக்கடிகாரம் இல்லை. மூன்று நிமிடம் என்பது எவ்வளவு? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். செபமாலையில் மணிக்கொரு செபமாகப் பத்து மணி சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம். காரை நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் கியரை விடுவிப்பார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவார். பத்தாவது முடிந்ததும் சாவியைத் திருப்புவார். ஒரு நாளும் ஒன்பதில் நிறுத்தியதில்லை.

எங்கள் வேதத்தில் செபமாலையை ஒருவர் தனியாகச் சொல்வது குறைவு. முதல் பாதியை ஒருவர் சொன்னால், மறு பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். கார் கராஜுக்குள் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் பெற்றி என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து மறு பாதியை அவள் சொல்வாள். அந்த அப்பனும் மகளும் வாய் திறந்து ஒன்றாகப் பேசியது அந்தப் பத்து மணி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும். நான் குசினி ஜன்னலில் நின்று, "மாதாவே, அந்த இஞ்சினையும் கொஞ்சம் ஆசீர்வதியும், எனக்குச் சோறு ஆறுது" என்று கத்துவேன்.

பெற்றியின் கல்யாணத்தன்று என்ன நடந்தது தெரியுமா? மாத்தையா அந்தக் காரிலேயே பொண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார். கோயில் ஒரு ஏற்றத்தின் மேலே. கார் வாசலில் போய் நின்றது. மாப்பிள்ளை சிறில் படியில் நிற்கிறான். பாதர் உடுப்போடு வந்து நிற்கிறார். கார்க் கதவு திறக்கவில்லை. உள்ளே முக்காடு போட்ட பொண்ணும் அப்பனும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "பொண்ணுக்கு இவ்வளவு பக்தியா!" என்று ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பெற்றி நானுஓயா பக்கம் ஒரு தோட்டத்துக்கு, சிறில் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் தனியாள். கார் வந்து நிற்கும். அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவார். முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மறு பாதியையும் அவரே சொல்லிக்கொள்வார். பத்து முறையும் அப்படித்தான். ஜன்னலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் சோறு ஆறுகிறது என்று கத்தவில்லை. மாத்தையா இல்லாத நாட்களில் அவர் சாப்பாட்டுத் தட்டைக் கராஜுக்குள் கொண்டுபோய், கார் மட்காட்டில் சாய்ந்து நின்றே சாப்பிடுவார். குசினியில் வந்து உட்காருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "இருக்கட்டும் தங்கச்சி" என்பார். அவ்வளவுதான்.

எண்பத்துநாலில் சிறில் வீட்டாருக்கு இந்தியாவுக்குப் போகும் முறை வந்தது. அவர்கள் எல்லாருக்கும் இந்திய பாஸ்போர்ட். தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். கட்டிக்கொடுத்த பிள்ளை புருசனோடுதானே போக வேண்டும். அண்ணனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. இரண்டு அரசாங்கமும் தோட்டத்துச் சனங்களைப் பங்கு போட, யாரோ எங்கோ கைநாட்டு வைத்து, யாரோ எங்கோ பிரித்துக்கொடுத்து, அப்பன் ஒரு நாடு, மகள் ஒரு நாடு. ஒரே வீட்டுப் பாயை நடுவில் கிழிக்கிற வேலை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. அழுதார்கள், அவ்வளவுதான்.

பெற்றி வந்து சொல்லிவிட்டுப் போனாள். "பகல் கோச்சிதாங்கப்பா. நானுஓயா ஸ்டேசனுக்கு வந்துருவீங்கதானே?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லுங்கப்பா."

"வர்றேம்மா" என்றார்.

அந்த நாள் காலையில் மாத்தையா பங்களாவில்தான் இருந்தார். அண்ணனைக் கூப்பிட்டு, சிவப்புக் காரையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். "இன்றைக்கு இஞ்சினைப் பார்க்காதே. எரிந்தால் எரியட்டும். ஸ்டேசனில் நிறுத்திவிட்டு ஓடு, மகளைப் பார்" என்று சிங்களத்தில் மிகத் தெளிவாகச் சொன்னார். இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். முதலாளிக்குப் பயந்து காரைக் காத்தார் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் பெற்றிக்குப் பிடித்த மாசிச் சம்பலும் ரொட்டியும் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அண்ணன் பொனட்டைத் திறந்து ஒயில் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து ரேடியேட்டரில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

"அண்ணே, கோச்சி உங்களுக்காக நிக்குமா? ஏறுங்கண்ணே!"

"இந்தா தங்கச்சி, ஒரு நிமிசம்."

"எத்தன ஒரு நிமிசம்! கோச்சிய கையக் காட்டி நிறுத்துவீங்களா?"

கடைசியில் நானே பொனட்டைத் தள்ளி மூடினேன். கை நசுங்கியிருக்கும், பார்த்து எடுத்துக்கொண்டார்.

ஏற்றத்தில் அந்தக் காரை அவர் அன்றைக்கு விரட்டின மாதிரி மாத்தையா பந்தயத்தில்கூட விரட்டியிருக்க மாட்டார். இரண்டு பக்கமும் தேயிலை மலை பச்சைப் பச்சையாக ஓடியது. ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த புனிதர், அர்ச்சிஷ்டவர் எல்லாரையும் கூப்பிட்டேன். பரவாயில்லை, நேரத்துக்குப் போய்விடுவோம் என்று நம்பிக்கை வந்தது. போயும் விட்டோம். ஸ்டேசன் வாசலுக்குக் கொஞ்சம் மேலே கார் நின்றபோது கோச்சி பிளாட்பாரத்தில் நிற்பது தெரிந்தது. அழுகைச் சத்தம் பாதைவரைக்கும் கேட்டது.

"வாங்கண்ணே" என்று கதவைத் திறந்தேன்.

அண்ணன் கியரை விடுவித்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "மாத்தையா என்னா சொன்னாரு? நிறுத்திட்டு ஓடச் சொன்னாருல்ல!" அவர் காதில் விழவில்லை. சரி, தானாக இறங்கமாட்டார், வேகமாகவாவது முடிப்போம் என்று நானே மறு பாதியைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். மாதா மன்னிக்கட்டும், அவ்வளவு அவசரமாக நான் என் வாழ்நாளில் செபம் சொன்னதில்லை. ஐந்து, ஆறு, ஏழு. பத்தும் முடிந்தது. சூட்டு முள் இறங்கிவிட்டது. இஞ்சின் சத்தம் பூனை மாதிரி அடங்கிவிட்டது.

"முடிஞ்சிருச்சு. நிறுத்துங்க. எறங்குங்க."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி, அருள்நிறைந்த மரியே என்று பதினோராவதைத் தொடங்கினார்.

கையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அதற்கு மேல் அங்கே நின்றால் யாருமே அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் போய்விடும். பொட்டலத்தோடு ஓடினேன்.

பிளாட்பாரத்தில் ஒரு ஊரே அழுதுகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனேன். நடுப் பெட்டியில் பெற்றி இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா எங்க அத்தை?"

"மேல இருக்காரு. இந்தா வந்துருவாரு. இஞ்சின் சூடு..." அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பெற்றி கோபப்படவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா வரமாட்டாரு அத்தை. அம்மாவ பெட்டியில வச்சப்பவும் லொறிக்கு அடியில படுத்துக்கிட்டு என்னமோ நட்டு முறுக்கிக்கிட்டு இருந்தாரு. எல்லாரும் திட்டுனாங்க. நான்தான் போயி காலப் புடிச்சு இழுத்தேன், வந்தாரு. இப்ப நான் எறங்க முடியாதே."

சிறில் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கார்ட் பச்சைக் கொடியை விரித்தார்.

"அந்தச் சத்தம் நம்ம கார்தானே அத்தை?" என்றாள்.

அவ்வளவு அழுகைக்குள்ளும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நானும் காதைக் கொடுத்தேன். ஆமாம், மேலே பாதையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப இங்கதான் இருக்காரு" என்றாள். கோச்சி நகர்ந்ததும் வாய்விட்டு அழுதாள். நான் பெட்டியோடு ஓடினேன். பொட்டலத்தைக் கொடுத்தேனா, அவளே பிடுங்கினாளா, ஞாபகம் இல்லை. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது.

நான் ஏறி வந்தபோது அண்ணன் அதே இருப்பில் இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. எத்தனையாவது பத்து மணி என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தினேன்.

"போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சு."

சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திருப்பினார். இறக்கத்தில் ஓட்டினார். நான் பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று இருந்தது. அந்த வருடமே யுத்தத்தில் கப்பலும் நின்றுபோகும், இனி அந்தப் பிள்ளையை அவர் பார்க்கவே போவதில்லை என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அவரைத் தூக்கிக்கொண்டா ஓடியிருப்பேன்?

தேயிலைக்கு நடுவில் பாதி தூரம் வந்திருப்போம்.

"புள்ள என்ன கலர் சீல கட்டியிருந்துச்சு?" என்றார்.

"ஊதா. வெள்ளப் பூப் போட்டது."

"அது மெல்லிசுச் சீல. கடல் காத்துக்குத் தாங்காதே. கம்பளி கிம்பளி வச்சிருந்தாளா?"

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. "அதக் கேக்க நீங்க வந்திருக்கணும்! ஓடுற தூரத்துலதானே நின்னா? ஒரு தடவ போயி மொகத்தப் பாத்திருந்தா என்னாண்ணே? என்னா கொறஞ்சிருக்கும்?"

அண்ணன் ஒரு வளைவை ஒடித்துத் திருப்பினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

"பாத்திருந்தா, எறக்கிக் கூட்டியாந்திருப்பேன் தங்கச்சி" என்றார்.